கட்டணம் வாங்காமல் வழக்காடும் வக்கீல்களைப் பாராட்ட: சங்கத்தில் இந்தப் பொறுப்பை முதல்முறை எடுப்பவர்களுக்கு

வசதியில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி தர வழிசெய்யும் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் (1987) நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதனால்தான் ஆண்டுதோறும் அந்த நாள் தேசிய சட்டப்பணிகள் தினம். அது நெருங்கும்போது வழக்கறிஞர் சங்கத்தில் யாராவது, "இலவசமா கேஸ் நடத்துறவங்களுக்கு இந்த வருஷம் ஒரு பாராட்டு வெச்சிடலாமே" என்பார். பத்து நாளில் பட்டியல் தயாராகும். செயற்குழுவுக்குத் தெரிந்த முகங்கள்தான் அதில் இருக்கும். வாரம் தவறாமல் கிளைச் சிறைக்குப் போய்வருகிற ஜூனியருக்கு அப்படி ஒரு விழா நடப்பதே தெரிந்திருக்காது.

இதைத் தவிர்க்க வேண்டுமானால் வேலையை ஜூலையில் தொடங்க வேண்டும். ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரையை ஒரு கணக்காண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிந்ததும், ஜூலை முதல் வாரம் விண்ணப்பப் படிவம். ஆகஸ்ட் 15 கடைசி நாள். செப்டம்பர் முழுக்கச் சரிபார்ப்பு. அக்டோபர் முதல் பாதியில் தேர்வு. மிச்சமிருக்கும் மூன்று வாரம் பாராட்டு மடல் எழுதவும் சம்மதம் வாங்கவும் சரியாக இருக்கும். சங்கத் தேர்தல் மூன்று மாதத்துக்குள் வருகிறது என்றால் அந்த ஆண்டு நிகழ்ச்சியை வைக்கவே வேண்டாம். யாருக்குக் கொடுத்தாலும் ஓட்டுக்காகக் கொடுத்ததாகத்தான் பேசுவார்கள்.

எது இலவசம், எது இல்லை

முதல் கூட்டத்திலேயே முடிவு செய்து எழுத்தில் வைக்க வேண்டியது இது. இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் கடைசியில் சண்டைதான்.

கட்சிக்காரரிடமிருந்தோ (வழக்கை ஒப்படைத்தவர்) அவர் சார்பில் வேறு யாரிடமிருந்தோ ஃபீஸ் எதிர்பார்க்காமல், வழக்கை எடுக்கும்போதே "இதற்குப் பணம் வேண்டாம்" என்று சொல்லிச் செய்த வேலை இலவசம். ஃபீஸ் பேசி, கட்சிக்காரர் கொடுக்காமல் போய்விட்டதால் இலவசமாகிப் போன வழக்கை வாராக்கடன் என்றுதான் சொல்ல வேண்டும். படிவங்களில் பாதி இந்த வகையில் வரும். மரியாதையாக ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள். "முன்பணம் எதுவும் வாங்கவில்லை, செலவையும் நானே பார்த்துக்கொண்டேன்" என்று எழுதியிருப்பார்கள். தொகை வந்ததும் சதவீதம் எடுத்தாரா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அது இலவசம் இல்லை. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் நடத்தை விதி 20 தடை செய்கிறது. பாராட்டப் போய், விதிமீறலை மேடையேற்றிய கதையாகிவிடும்.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு தன் வழக்குகளை நடத்தப் பட்டியலில் வைத்திருக்கும் பேனல் வக்கீல்கள் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. அவர்களுக்கு ஆணைக்குழு மதிப்பூதியம் தருகிறது. கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. எனவே கட்சிக்காரருக்கு அது இலவசம். வக்கீலுக்கு, சிறியதென்றாலும் ஊதியம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட 2022-இல் வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பில் இருப்பவர்களுக்கு முழுநேர ஊதியமே உண்டு. இரு தரப்பாரும் நல்ல வேலை செய்பவர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஊதியமே இல்லாமல் செய்தவரோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. பேனல் பணிக்குத் தனிப் பிரிவு வையுங்கள். நீதிமன்றம் தனக்கு உதவ நியமித்த அமிகஸ் பணி என்றால் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டதா, வாங்கினாரா என்று ஒரு கேள்வி சேருங்கள்.

மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித்துறை 2017-இல் தொடங்கிய, இலவசமாக வழக்காட முன்வரும் வக்கீல்களைத் தேவைப்படுபவர்களோடு இணைக்கும் நியாய பந்து திட்டத்தில் பதிவு செய்து, அதன் வழியாக வந்த வழக்குகளை நடத்துபவர்கள் நேரடியாக 'இலவசம்' என்ற முதல் வகையில் வருவார்கள். உங்கள் மாவட்டத்தில் யார் யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெயரை மட்டும் பதிந்துவிட்டு ஒரு வழக்கும் எடுக்காதவர்களும் இருப்பார்கள்.

சொந்தக்காரர், சக வக்கீல், கட்சிப் பிரமுகர் ஆகியோருக்குச் செய்தது கணக்கில் வராது என்றும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கட்டாயம் வரும்.

மணிக்கணக்கு

'எத்தனை வழக்கு' என்று கேட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒரே நாளில் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த 20 வழக்குகளும், நான்கு வருடம் இழுத்த ஒரு நில வழக்கும் ஒன்றாகிவிடும். மணி நேரம்தான் ஓரளவு நியாயமான அளவுகோல். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேர இலவச சேவையை எதிர்பார்க்கிறது. நியூயார்க்கில் 2015 முதல் வக்கீலாகப் பதிவு பெறுவதற்கே 50 மணி நேரம் காட்ட வேண்டும். நம் வழக்கறிஞர் கழக விதி 46, வசதியில்லாதவருக்கு இலவசமாக உதவுவது வக்கீலின் உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கிறது. மணிக்கணக்கு எதையும் வைக்கவில்லை. ஆகவே நீங்களே ஒரு கீழ்வரம்பு வையுங்கள். தாலுகா அளவில் ஆண்டுக்கு 40 மணி நேரம் போதும்.

சிக்கல், காத்திருக்கும் நேரத்தில்தான். ஒரு ஜீவனாம்ச மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆவது பிரிவு. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144. கட்சிக்காரரிடம் விவரம் கேட்க 2 மணி, மனு எழுத 3, குறை காட்டிக் கோர்ட் ரிட்டர்ன் செய்ததைச் சரிசெய்து வழக்கு நம்பர் வாங்க 1, இடைக்கால ஜீவனாம்ச வாதத்துக்குத் தயாராக 2, குறுக்கு விசாரணைக்குத் தயாராக 3, உத்தரவுக்குப் பிறகு பணம் வசூலிக்க மனுப் போட 2. ஆக 13 மணி. இதற்கு நடுவே 12 வாய்தா. ஒவ்வொரு வாய்தாவிலும் காலை பத்தரை முதல் மூன்றரை வரை கோர்ட்டில் இருந்ததாக ஒருவர் எழுதினால் 60 மணி சேர்ந்து 73 ஆகும். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் அவர் தன் சொந்த வழக்குகளையும் பார்த்திருப்பார். ஆக, எத்தனை மணி காத்திருந்தாலும் ஒரு வாய்தாவுக்கு 1 மணி என்று வைத்துவிடுங்கள். இந்த வழக்கின் கணக்கு 25 மணி. இந்த ஒரு வழக்குக்காகவே வெளியூர் கோர்ட்டுக்குப் போயிருந்தால் பயணத்தில் பாதியைச் சேர்க்கலாம்.

கோர்ட்டுக்கு வெளியே செய்த வேலைக்குப் படிவத்தில் தனிக் கட்டம் வேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவருக்கு நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடுவது; இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டாரா என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவின் கீழ் சிறைப் பட்டியலைப் பார்ப்பது; பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது; வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நாலு முறை நடப்பது. தீர்ப்பில் பெயர் வராத வேலைகள் இவை. கஷ்டப்படுகிறவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதும் இவைதான்.

பெயர்கள் எங்கிருந்து வரும்

தானே விண்ணப்பிக்கும் முறையை மட்டும் வைத்தால், தன்னைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். வேறு வாசல்களையும் திறந்து வையுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சார்பு சட்டத் தன்னார்வலர்கள், சிறை நல அலுவலர், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தின் நிர்வாகி, குழந்தைகள் நலக் குழு, சட்டக் கல்லூரியின் சட்ட உதவி மையம் ஆகிய ஐந்து இடங்களுக்குக் கடிதம் போட்டாலே போதும். இன்னொரு வழி, குமாஸ்தாக்கள். எந்த ஆபீசில் எந்த வழக்குக் கட்டுக்கு ஃபீஸ் வரவில்லை, யார் கைக்காசில் ஸ்டாம்ப் ஒட்டினார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேளுங்கள்.

பிறர் பரிந்துரைத்தால் அந்த வக்கீலிடம் சம்மதம் கேட்க வேண்டும். "வேண்டாம் சார்" என்பவரை ஒருமுறை வற்புறுத்தலாம். அதற்கு மேல் விட்டுவிடுங்கள்.

சரிபார்ப்பு

தேர்வுக் குழுவில் ஐந்து பேர் போதும். ஓய்வு பெற்ற நீதித்துறை அதிகாரி ஒருவர், சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவர், பக்கத்து ஊர் சங்கத்திலிருந்து ஒரு மூத்த வழக்கறிஞர், பெண்கள் உரிமை அல்லது சிறைப் பணியில் இருக்கும் ஒருவர், உங்கள் சங்கத்திலிருந்து ஒருவர். ஐவரில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். நடப்புச் செயற்குழு உறுப்பினர், அவருடைய ஜூனியர் ஆகிய இருவருக்கும் அந்த ஆண்டு விருது இல்லை என்று தீர்மானம் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஆணைக்குழுச் செயலாளர் பதவியில் இருக்கும் நீதித்துறை அதிகாரி என்பதால் அவரைக் குழுவில் இழுக்காமல், தகவல் உறுதிக் கடிதம் மட்டும் கேட்பது நல்லது.

ஒவ்வொரு வழக்குக்கும், கோர்ட் பதிவில் அதற்கென்றே உள்ள 16 இலக்க சி.என்.ஆர் எண்ணைக் கேளுங்கள். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு இரண்டு எண் நீதிமன்றம், ஆறு எண் வழக்கின் வரிசை, கடைசி நான்கு ஆண்டு. நீதிமன்ற வழக்கு விவரங்களுக்கான ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டால் வாய்தாத் தேதிகள் முழுக்க வந்துவிடும். படிவத்தில் சொன்ன 12 வாய்தா அங்கே 7 ஆக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் அதில் பெரும்பாலும் வக்காலத்தில் முதலில் இருக்கும் பெயர்தான் தெரியும். சீனியர் பெயரில் பதிவான வழக்கை முழுக்க ஜூனியர் நடத்தியிருப்பார். அங்கே பெயர் இல்லையென்று ஜூனியரைத் தள்ளிவிடாதீர்கள். உத்தரவு நகலில் ஆஜரானவர் பெயரைப் பாருங்கள், சீனியரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் சீனியரும் உண்டு. அது உங்களுக்குக் கூடுதல் தகவல்.

கட்சிக்காரரோடு பேசுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. வக்கீல் தன் கட்சிக்காரரின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் உங்களிடம் தரக் கூடாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆவது பிரிவு அந்த ரகசியத்தைக் காக்கிறது. எனவே படிவத்தில் கட்சிக்காரர் பெயருக்கு இடமே வைக்காதீர்கள். 'வழக்கு அ', 'வழக்கு ஆ' என்று போகட்டும். முடிந்துபோன இரண்டு வழக்குகளில் மட்டும், கட்சிக்காரர் எழுத்தில் சம்மதித்த பிறகு, தொலைபேசி எண்ணைத் தனிக் கவரில் வாங்குங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கின் கட்சிக்காரரைக் கூப்பிட வேண்டாம். "நான் ஏதாவது சொன்னால் வக்கீல் கேஸை விட்டுவிடுவாரோ" என்ற பயத்தில் அவர் உண்மையைச் சொல்ல மாட்டார்.

பேசுகிறவர் குழுவைச் சேர்ந்த ஒருவர். கட்சிக்காரர் பெண்ணென்றால் பேசுபவரும் பெண். வழக்கு என்ன என்று கேட்கவே கூடாது. நான்கே கேள்விகள்: ஃபீஸாகவோ வேறு எந்தப் பெயரிலோ பணம் கொடுத்தீர்களா? ஸ்டாம்ப், டைப்பிங், ஜெராக்ஸ், நோட்டீஸ் அனுப்பக் கட்டும் பேட்டாவுக்கெல்லாம் யார் செலவு செய்தார்கள்? அடுத்த வாய்தா என்றைக்கு என்று உங்களுக்குச் சொல்லப்பட்டதா? என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினாரா?

கடைசி இரண்டும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். காசு வாங்காத வக்கீல் வாய்தாவுக்கும் வராமல் இருந்தால் அதில் கட்சிக்காரருக்கு லாபம் ஒன்றுமில்லை. இலவசம் என்பதால் ஒன்றும் கேட்க முடியாமல், யாரும் ஆஜராகாததால் வழக்கு 'டீஃபால்ட்'டில் தள்ளுபடியானது தெரியாமலே வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு வழக்கு சரிபார்ப்பில் வெளிப்பட்டால், விருதை மறுப்பதோடு நிறுத்தாதீர்கள். வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க மனுப் போட அந்தக் கட்சிக்காரருக்கு அன்றைக்கே வழிகாட்டுங்கள், காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

பாலியல் குற்றம், குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்கு இரண்டிலும் யாரையும் கூப்பிடக் கூடாது. பெயர் மறைத்த உத்தரவு நகல் மட்டும் போதும்.

தேர்வு

மதிப்பெண் போடலாமா? போடலாம், ஆனால் அதை நம்பி மட்டும் உட்காராதீர்கள். மூத்த வழக்கறிஞர் அந்தஸ்து வழங்க 2017-இல் இந்திரா ஜெய்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 100 மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. இலவச வழக்குப் பணியும் அதில் கணக்கில் வந்தது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம், அந்த மதிப்பெண் முறை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று கைவிட்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், தாலுகா சங்கத்தில் 87.5-க்கும் 86-க்கும் வித்தியாசம் காட்டுவது வேடிக்கை. மணி நேரம் கீழ்வரம்பைத் தாண்டிவிட்டதா, வேலை தொடர்ச்சியாக நடந்திருக்கிறதா, கட்சிக்காரர் சொன்னது என்ன — இவற்றை மேசையில் வைத்துப் பேசி முடிவெடுங்கள். வெற்றி தோல்விக்கு எடை கொடுக்காதீர்கள். ஜெயிக்கிற வழக்கைப் பொறுக்கி எடுப்பவர்களுக்கே விருது போய்விடும்.

முதல், இரண்டாம், மூன்றாம் பரிசும் வேண்டாம். பதிவு பெற்று ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர் ஒருவர், கோர்ட்டுக்கு வெளியே அதிகம் செய்தவர் ஒருவர், ஒரே வழக்கை நீண்ட காலம் சுமந்தவர் ஒருவர், பேனல் பணியில் ஒருவர். நான்கு பேர் போதும். தகுதியான ஆள் இல்லாத பிரிவை அந்த ஆண்டு காலியாக விடுங்கள்.

பாராட்டு மடல்

ஆபத்து முழுக்க இங்கேதான் இருக்கிறது. இப்படி எழுதினால் என்ன ஆகும், பாருங்கள்: "நம் ஊருக்கு அருகிலுள்ள செங்கல் சூளையில் 14 வயதுச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில் நீதி பெற்றுத் தந்தவர்." பெயர் இல்லைதான். ஆனால் ஊர், சூளை, வயது மூன்றும் சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக்காரர் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை; சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; ஊடகங்களுக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் உண்டு. உங்கள் மடலை அப்படியே செய்தியாகப் போடும் உள்ளூர் நிருபரும் மாட்டுவார். சரியான வாசகம் இப்படி இருக்கலாம்: "குழந்தைகளுக்கெதிரான குற்ற வழக்குகளில் ஓராண்டில் 61 மணி நேரம் கட்டணமின்றிப் பணியாற்றி, இழப்பீட்டு விண்ணப்பம் வரை உடனிருந்தவர்." சி.என்.ஆர் எண்ணையும் அச்சடிக்காதீர்கள். வழக்கு விவரம் அதன் வழியே கிடைத்துவிடும். கட்சிக்காரரை மேடையேற்றி அழவைக்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. சாதாரண சிவில் வழக்கென்றாலும் அது வேண்டாம்.

இரண்டாவது கண்ணி, இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதி 36. வக்கீல் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்யக் கூடாது. பெயர்ப்பலகையிலும் எழுதுபொருளிலும் சங்கப் பதவி, எந்த அமைப்போடும் குறிப்பிட்ட காரியத்தோடும் உள்ள தொடர்பு ஆகியவை இருக்கக் கூடாது. இணையதளங்கள் மூலம் வழக்குப் பிடிப்பது குறித்து 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவு போட்ட பிறகு இதில் கவனம் கூடியிருக்கிறது. அதனால் அறிவிப்பைச் சங்கமே வெளியிடட்டும். விருது பெறுபவரின் செல்பேசி எண்ணோ ஆபீஸ் முகவரியோ அதில் வேண்டாம். படத்தோடு ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். விருதை விசிட்டிங் கார்டிலும் லெட்டர்பேடிலும் போடாதீர்கள் என்று ஒரு வரியைக் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

என்ன கொடுப்பது

பொன்னாடையும் கேடயமும் வீட்டு ஷோகேஸோடு சரி. ஊதியமில்லாமல் வழக்கு நடத்துபவருக்குக் கையைக் கடிப்பது சில்லறைச் செலவுதான். அடுத்த ஓராண்டுக்கு அவருடைய இலவச வழக்குகளின் டைப்பிங், ஜெராக்ஸ், சான்று நகல், பேட்டா ஆகியவற்றை ரசீதுக்கு எதிராகச் சங்கமே தரட்டும். ஆளுக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தால் நான்கு பேருக்கு 40,000. மேடை, பந்தல், மதிய பிரியாணி செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதைவிட உதவுவது ஒரு சான்றுக் கடிதம். காலம், வழக்குகளின் எண்ணிக்கை, வகை, சரிபார்க்கப்பட்ட மணி நேரம் ஆகியவற்றைக் கட்சிக்காரர் பெயரில்லாமல் எழுதி, குழுவில் மூவர் கையெழுத்திட்டுத் தேதியோடு தாருங்கள். நாளை வேறொரு விண்ணப்பத்தில் இலவசப் பணி பற்றிக் கேட்டால் அவர் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். கேடயத்தை ஸ்கேன் எடுத்து அனுப்ப முடியாது.

முதன்மை மாவட்ட நீதிபதியை அழைப்பதானால் ஒரு மாதம் முன்னரே எழுதுங்கள். அவர் முன் வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு அவர் கையால் விருது கொடுக்க வைக்காதீர்கள். அதை ஓய்வு பெற்ற அதிகாரி கொடுக்கட்டும். பேச்சு ஒருவருக்கு ஐந்து நிமிடம். மாலை ஐந்தரைக்கு மேல் வைத்தால்தான் விருது பெறுபவரே கோர்ட்டை முடித்துவிட்டு வந்து சேருவார்.

விழா முடிந்த 30 நாளுக்குள் கட்சிக்காரர் தொலைபேசி எண்கள் இருந்த கவர்களைக் கிழித்து அழித்து, அழித்த தேதியை இரண்டு பேர் கையெழுத்தோடு மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். கூப்பிட்டவர் செல்பேசியிலிருந்தும் அந்த எண்களை நீக்கச் சொல்லுங்கள். மணிக்கணக்குத் தாள்கள் மட்டும் மூன்று ஆண்டு இருக்கட்டும். அடுத்த ஆண்டுப் படிவத்துக்கு விழா நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஜூலை முதல் நாளே குமாஸ்தாக்கள் கையில் வெற்றுத் தாள்களைக் கொடுத்து, வாய்தா முடிந்ததும் அன்றன்றே குறிக்கச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிய மணிக்கணக்கு எதுவும் ஈ-கோர்ட்ஸ் தேதிகளோடு ஒத்துப்போகாது.